தோல் புற்றுநோயும் தாவரச் சேர்மங்களும்: தொடக்க நிலை வாசகருக்கு ஒரு விளக்கம்

நுரையீரலிலோ குடலிலோ வந்த கட்டியின் மேல் யாரும் தாமாக ஒரு சாற்றைத் தடவிவிட முடியாது. தோலில் முடியும். கட்டி கண்ணுக்குத் தெரிகிறது, கை எட்டுகிறது, தடவினால் ஏதோ நடப்பதும் தெரிகிறது. தாவரச் சேர்மங்களை வைத்து தோல் புற்றுநோயில் இவ்வளவு ஆய்வு நடந்திருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். சுயவைத்தியத்தால் மோசமான கேடுகள் இந்த நோயில் நேர்ந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

செடிகளிலிருந்து புற்றுநோய் மருந்து வருமா என்பதில் ஐயமே இல்லை. நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் வந்தன. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து பேக்ளிடாக்ஸல் வந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உடலில் பரவியவர்களுக்கு வின்பிளாஸ்டினைச் சிஸ்பிளாட்டின், டக்கார்பசின் என்ற வேறு புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்தும், பேக்ளிடாக்ஸலைக் கார்போபிளாட்டினோடு சேர்த்தும் நெடுங்காலம் கொடுத்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தச் சேர்மம், எந்த அளவில், எந்த வழியாக, எந்த வகைத் தோல் புற்றுநோயில், எதோடு ஒப்பிட்டு வேலை செய்தது? இந்த ஐந்தில் ஒன்று விடுபட்டாலும் அந்தச் செய்தியை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

முதலில் நோயைப் பிரித்துப் பார்ப்போம்

தோல் புற்றுநோய் ஒரே நோயல்ல. மேல்தோலின் அடியடுக்குச் செல்களை ஒத்த செல்களால் ஆனது பேசல் செல் புற்றுநோய். மிகப் பரவலானது இதுதான். மெதுவாக வளரும், பிற உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் மூக்கையும் காதையும் கண்ணிமையையும் அரித்து எலும்பு வரை போகும். மேல்தோலின் தட்டையான செல்களில் வருவது ஸ்குவாமஸ் செல் புற்றுநோய். இவற்றில் ஒரு சிறு பங்கு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும். இதற்கு முந்தைய நிலையாக, பல வருடம் வெயில் பட்ட இடங்களில் சொரசொரப்பான செதில் திட்டுகள் தோன்றலாம். அவற்றை ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்பார்கள். மெலனோமா நிறமிச் செல்களில் வருவது. எண்ணிக்கையில் குறைவு, உயிரைப் பறிப்பதில் முன்னணி. இவை தவிர, நோய் எதிர்ப்புச் செல்கள் தோலில் வந்து பெருகும் டி-செல் லிம்ஃபோமா என்ற அரிய வகையும் உண்டு. தாவரச் சேர்மங்களின் வரலாற்றில் அதற்குத் தனி இடம் இருக்கிறது.

இவற்றை உள்ளிருந்து ஓட்டும் கோளாறுகளும் வேறுவேறு. பேசல் செல் புற்றுநோயில் பெரும்பாலும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் பாதை அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் மரபணு பிறழ்ந்திருக்கிறது. ஸ்குவாமஸ் செல் வகையில் பி53 மரபணு கெடுவது வழக்கம். புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்த இரு எழுத்துகளை ஒட்டவைத்துவிடுகிறது. செல் அதைத் தவறாகப் பழுது பார்க்கும்போது பிறழ்வு நிலைக்கிறது. இலக்கு ஒன்றல்ல என்பதால், ஒரே செடி எல்லாத் தோல் புற்றுநோயையும் குணமாக்கும் என்ற கூற்று தொடக்கத்திலேயே ஐயத்துக்குரியது.

ஆழமும் முக்கியம். தோலின் மேலுள்ள இறந்த செல்களின் அடுக்கு, உடலின் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் கனமே. ஆனால் தடுப்புச் சுவர் அதுதான். மூலக்கூறு எடை 500 டால்ட்டனுக்கு மேல் போனால் நல்ல தோலுக்குள் நுழைவது கடினமாகிவிடும். நீரில் மட்டும் கரைவதும் நுழையாது. எண்ணெயில் மட்டும் கரைவது மேலடுக்கிலேயே தங்கிவிடும். குர்குமின் 368 டால்ட்டன், பச்சைத் தேயிலையின் இ.ஜி.சி.ஜி. 458, பேக்ளிடாக்ஸல் 854. நுழைந்த பிறகும் கட்டியின் அடிவரை போயாக வேண்டும். முண்டாக எழும் பேசல் செல் கட்டி சில மில்லிமீட்டர் ஆழம் இருக்கும்; அதாவது மருந்து கடக்க வேண்டிய தூரம் அந்தத் தடுப்புச் சுவரைப்போல் நூறு மடங்குக்கும் மேல்.

ஒரு களைச் செடி மருந்தாகி, பிறகு விலக்கப்பட்டது

தாவரச் சேர்மங்களைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் உதாரணம் போதுமென்றால் அது யூஃபோர்பியா பெப்லஸ்தான். கள்ளிக்கும் அம்மான் பச்சரிசிக்கும் உறவான, ஒடித்தால் பால் வடியும் சிறு களை. ஆஸ்திரேலியாவில் இதன் பாலை மருக்களிலும் வெயிலால் வந்த தோல் கட்டிகளிலும் மக்கள் தடவிவந்தார்கள். அந்தப் பாலில் வேலை செய்யும் மூலக்கூறு இன்ஜெனால் மெபுடேட் என்று கண்டறியப்பட்டது. கட்டியில் பட்டதும் அது இரண்டு காரியம் செய்கிறது. சில மணி நேரத்தில் செல்லின் சவ்வுகளைச் சிதைத்துக் கொல்கிறது. பிறகு புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைத் தூண்டி, வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு வரவழைத்து அழற்சியை உண்டாக்குகிறது.

அளவைக் கவனியுங்கள். ஒரு கிலோ செடியில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். ஜெல்லாகச் செய்தபோது முகத்துக்கும் தலைக்கும் 0.015 சதவீதம், மூன்று நாள், நாளுக்கு ஒருமுறை. உடம்புக்கும் கை கால்களுக்கும் 0.05 சதவீதம், இரண்டு நாள். முகத்துக்கான ஒரு குழாயில் 0.47 கிராம் ஜெல், அதில் மருந்து 70 மைக்ரோகிராம். ஒரு தடவையில் தடவும் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். மருந்தின் எல்லை இவ்வளவு நுணுக்கமாக வரையறுக்கப்பட்டிருந்தது. செடியை ஒடித்து வடியும் பாலில் இந்த மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்பது செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். கூடவே பத்துப் பன்னிரண்டு எரிச்சலூட்டிகளும் வரும். இந்த இனத்துப் பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். இனம் ஒன்று என்பதால் எல்லாக் கள்ளியிலும் இதே மூலக்கூறு இருக்கும் என்று கொள்வதும் தவறு.

முகத்திலும் தலையிலும் ஆக்டினிக் கெரட்டோசிஸ் இருந்தவர்களிடம் நடந்த சோதனைகளில், இந்த ஜெல்லைத் தடவியவர்களில் 42 சதவீதத்தினருக்குத் திட்டுகள் முழுவதும் மறைந்தன; மருந்தில்லாத ஜெல்லைத் தடவியவர்களில் 4 சதவீதத்துக்கும் குறைவு. 2012 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 2013இல் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஃபில் பாரன் குழு, இதன் அடிப்படை மூலக்கூறான இன்ஜெனாலைச் செடியே இல்லாமல் 14 படிகளில் செய்துகாட்டியது. எல்லாம் கூடிவந்த நேரம்.

பிறகு நீண்டகாலக் கண்காணிப்பின் முடிவு வந்தது. இமிக்விமோட் என்ற செயற்கை மருந்தோடு ஒப்பிட்டு மூன்று ஆண்டு நடந்த ஆய்வில், மருந்து தடவிய இடத்திலேயே ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் வந்தவர்கள் இன்ஜெனால் குழுவில் 3.3 சதவீதம், இமிக்விமோட் குழுவில் 0.4 சதவீதம். 2020 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. அடுத்த மாதமே அதன் அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

இந்த ஆபத்துக்கான சாயல் ஒரு பழைய ஆய்வில் உண்டு. அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த நேர்வாளத்தின் எண்ணெய், எலித் தோலில் புற்றுக்கட்டியை ஊக்குவிக்கும் பொருள் என்பது 1940களிலேயே தெரியும். அதிலுள்ள ஃபோர்பால் எஸ்டர்கள் தூண்டுவதும் அதே புரோட்டீன் கைனேஸ் சி நொதியைத்தான். அந்த நொதியைத் தொடும் எல்லா மூலக்கூறும் புற்றை வளர்க்கும் என்று இதற்குப் பொருளில்லை. எவ்வளவு, எத்தனை நாள், மூலக்கூறின் எந்த முனை எங்கே ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகும். "இது செல்லைக் கொல்கிறது" என்ற ஒற்றை வரியை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இதே வேதிக் குடும்பத்திலிருந்து இன்னொரு மூலக்கூறு இப்போது மேலே வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் வளரும் ஃபான்டைனியா பிக்ரோஸ்பெர்மா என்ற மரத்தின் விதையில் உள்ள டிகிலனால் டிக்லேட். நாய்களின் தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டிக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2020இல் அனுமதி பெற்றது. இதைத் தடவுவதில்லை. கட்டியின் கன அளவை அளந்து, ஒரு கன சென்டிமீட்டருக்கு அரை மில்லிகிராம் என்ற கணக்கில் கட்டிக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். கட்டியின் இரத்தக் குழாய்கள் சிதைந்து, கட்டி கறுத்து உதிர்ந்து, அங்கே உண்டாகும் குழி சில வாரங்களில் ஆறுகிறது. ஒரே ஊசியில் 75 சதவீத நாய்களுக்குக் கட்டி முழுவதும் மறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 5 சதவீதம். மனிதர்களிடமும் சோதனைகள் நடக்கின்றன. தோலின் தடுப்புச் சுவரையே தாண்டி நேராகக் கட்டிக்குள் செலுத்தும் இந்த வழி, தாவரச் சேர்மங்களில் இப்போது மிகவும் நம்பிக்கை தருவது என்பது எங்கள் கருத்து.

செடி மருந்தாகவில்லை, ஆனால் வழி காட்டியது

1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. வேளாண் துறை ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடினார்கள். சினையாடுகள் கருவுற்ற 14ஆம் நாள் வாக்கில் வெராட்ரம் கலிஃபோர்னிக்கம் என்ற காட்டுச் செடியைத் தின்றால் அப்படி நேர்ந்தது. செடியிலிருந்த நச்சுக்கு, ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸின் நினைவாகச் சைக்ளோபமின் என்று பெயரிட்டார்கள். பல பத்தாண்டு கழித்துத்தான் அது ஹெட்ஜ்ஹாக் பாதையில் ஸ்மூத்தன்ட் என்ற புரதத்தைப் பிடித்து அடைப்பது தெரிந்தது. கருவில் முகம் இரண்டு பாதியாகப் பிரிவதற்குத் தேவையான அதே பாதைதான் பேசல் செல் புற்றுநோயில் கட்டுப்பாடின்றி ஓடுகிறது.

சைக்ளோபமினையே மாத்திரையாக்க முடியவில்லை. நீரில் சரியாகக் கரையாது, வயிற்று அமிலத்தில் சிதையும், நச்சுத்தன்மையும் உண்டு. ஆனால் எந்தப் புரதத்தை அடைக்க வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது. அதே புரதத்தை அடைக்கும் விஸ்மோடெகிப் என்ற செயற்கை மூலக்கூறு 2012 ஜனவரியில் அனுமதி பெற்றது. நாளுக்கு 150 மில்லிகிராம் மாத்திரை. அறுவைக்கு அடங்காத அளவு பரந்த பேசல் செல் கட்டிகளில் 43 சதவீதம் சுருங்கின, பிற உறுப்புக்குப் பரவியவற்றில் 30 சதவீதம். தசைப்பிடிப்பு, முடி உதிர்தல், நாக்கில் சுவை போய்விடுதல் ஆகியவை வழக்கமான பக்க விளைவுகள். ஆட்டுக்குட்டிகளுக்கு நேர்ந்தது மனிதக் கருவுக்கும் நேரக்கூடும் என்பதால் கருவுற்றவர்கள் இதைத் தொடவே கூடாது. உட்கொள்ளும் ஆண்களுக்கும் கடுமையான கருத்தடை விதிகள் உண்டு.

வெளிச்சம் சேர்ந்தால் வேலை செய்பவை

கார்போகரிசியிலும் எகிப்தில் வளரும் அம்மி மஜுஸ் செடியிலும் சோராலென் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. இருட்டில் இவை பெரிதாக எதுவும் செய்வதில்லை. புற ஊதா ஏ கதிர் பட்டதும் டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்பு போட்டுச் செல்லைப் பெருகவிடாமல் செய்கின்றன. தோலின் டி-செல் லிம்ஃபோமாவுக்கு இது இன்றும் நடைமுறையில் உள்ள சிகிச்சை. மெத்தாக்சலென் மாத்திரையை உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.6 மில்லிகிராம் கணக்கில் கொடுத்து, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கழித்து விளக்கின் கீழ் நிறுத்துவார்கள். அன்று முழுவதும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம், வெயிலில் போகக்கூடாது. இரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களுக்கு மட்டும் இதே மருந்தையும் கதிரையும் கொடுத்துத் திரும்பச் செலுத்தும் முறைக்கு 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதே சிகிச்சையைச் சோரியாசிசுக்காகச் சில நூறு அமர்வுகள் எடுத்தவர்களிடம் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் கூடியது. டி.என்.ஏ.வைக் காயப்படுத்தித்தான் இந்த மருந்து வேலை செய்கிறது. நல்ல செல்லின் டி.என்.ஏ.வும் அதில் தப்பாது. எனவேதான் மருத்துவர்கள் கதிரின் அளவை ஒவ்வோர் அமர்விலும் குறித்து வைத்து, வாழ்நாள் மொத்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு கிடையாது, கொப்புளம்தான் கிடைக்கும்.

புனித ஜான் செடியில் முதலில் கண்டறியப்பட்ட ஹைபெரிசின் இன்னொரு வழியைத் திறக்கிறது. அதைத் தூண்டப் புற ஊதாக் கதிர் வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். செயற்கையாகத் தயாரித்த ஹைபெரிசின் களிம்பை டி-செல் லிம்ஃபோமாத் திட்டுகளில் வாரம் இருமுறை தடவி, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து ஒளி காட்டினார்கள். ஆறு வார முதல் சுற்றில் பலன் கண்டவர்கள் 16 சதவீதம், மருந்தில்லாக் களிம்பில் 4 சதவீதம். அதே நோயாளிகள் சிகிச்சையைத் தொடர்ந்தபோது, 12 வாரத்தில் 40 சதவீதம். சிறிய பலன்தான், ஆனால் நேர்மையாக அளக்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் வென்று, தோலில் தோற்பவை

மஞ்சளிலுள்ள குர்குமினைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படுகிறது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். 1988இல் வந்த புகழ்பெற்ற எலி ஆய்வில், புற்றை ஊக்குவிக்கும் ஃபோர்பால் எஸ்டரோடு சேர்த்தே குர்குமினைத் தோலில் தடவினார்கள். கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. ஒவ்வொரு முறையும் தடவிய குர்குமின், ஃபோர்பால் எஸ்டரைப்போல் 200 முதல் 2,000 மடங்கு. இது தடுப்பு பற்றிய ஆய்வு. வந்துவிட்ட கட்டியை அழித்ததாக அது சொல்லவில்லை. எலியின் மேல்தோலும் மனிதத் தோலை விட மெலிது, மயிர்க்கால் மிகுந்தது. மருந்து அதில் எளிதாக உள்ளே போகும்.

கண்ணாடித் தட்டில் மெலனோமா செல்களைக் கொல்ல வழக்கமாக 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைக் குறிக்கும் அலகு) குர்குமின் தேவைப்படுகிறது. நாளுக்கு 8 கிராம் குர்குமின் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் அளந்தபோது உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைக்கூட எட்டவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம் என்று வைத்தால், 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கு மேல் தூள் வேண்டும், தினமும். உடலின் கார அமில நிலையை ஒத்த வெறும் கரைசலில் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. குர்குமின் தானே ஒளிரும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும், திரளும். ஆகவே பல சோதனை முறைகளில் உண்மையான செயல் இல்லாமலே "வேலை செய்கிறது" என்று பொய்க்குறி காட்டும். கரைசல் வடிவங்களையும் நுண்துகள்களையும் வைத்து இதைச் சரிசெய்ய முயல்கிறார்கள். மனிதத் தோல் புற்றுநோயில் குணப்படுத்தியதாக நிலைநாட்டிய பெரிய சோதனை எதுவும் கையில் இல்லை.

பச்சைத் தேயிலைச் சாற்றின் கதை இன்னும் தெளிவாகக் கற்றுக்கொடுக்கிறது. அதன் கேட்டகின்களைக் கொண்ட 15 சதவீதக் களிம்புக்கு, பிறப்புறுப்பு மருக்களுக்காக 2006இல் எஃப்.டி.ஏ. அனுமதி அளித்தது. தாவர மருந்து என்ற பிரிவில் அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்தே அதுதான். அதே வகைக் களிம்பை நெதர்லாந்தில் மேலோட்டமான பேசல் செல் புற்றுநோய்க்குத் தடவி, வெட்டியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மருந்தில்லாக் களிம்பைவிட எந்த மேன்மையும் இல்லை. ஒரு தோல் நோயில் வென்றது பக்கத்து நோயில் வெல்லும் என்ற உறுதி கிடையாது.

பெட்டுலினிக் அமிலம் 1995இல் பெரிய எதிர்பார்ப்பை எழுப்பியது. இலந்தை மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்து, எலிகளில் வளர்த்த மனித மெலனோமாக் கட்டிகளைச் சுருக்கிக் காட்டினார்கள். நீரில் கரையாத தன்மை அதைப் பெரிதும் தடுக்கிறது. பீட்டா கரோட்டினை மனிதர்களிடமே சோதித்தார்கள்: ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்த 1,805 பேருக்கு நாளுக்கு 50 மில்லிகிராமோ மருந்தில்லா மாத்திரையோ கொடுத்து ஐந்து ஆண்டு வரை பார்த்தார்கள். புதிய கட்டிகள் குறையவில்லை.

கத்தரி இனத்தைச் சேர்ந்த காட்டுச் செடிகளின் சோலசோடின் கிளைக்கோசைடுகளுக்கு ஓர் ஒப்பீட்டுச் சோதனை உண்டு. பேசல் செல் புற்றுநோயில் எட்டு வாரத்தில் 66 சதவீதம் நீங்கியது. மருந்தில்லாக் களிம்பில் 25 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணை உற்றுப் பாருங்கள். திசுப் பரிசோதனைக்காக ஒரு துண்டு எடுத்ததும் அந்தப் புண் ஆறும்போது சிறு கட்டிகள் மறைவதுண்டு. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் அந்த 25 சதவீதமும் செடியின் கணக்கிலேயே சேர்ந்திருக்கும். சிறிய, ஆபத்துக் குறைந்த பேசல் செல் கட்டியைச் சுற்றி 4 மில்லிமீட்டர் நல்ல தோலோடு வெட்டியெடுத்தால் 95 சதவீதம் அளவுக்கு முழுமையாக நீங்குகிறது. புதிய மருந்து எதுவும் போட்டியிட வேண்டியது இந்த எண்ணோடுதான்.

கருப்புக் களிம்பு: என்ன தவறாகிறது, ஏன்

சாங்குவினேரியா என்ற செடியின் சிவந்த வேரையும் துத்தநாகக் குளோரைடையும் கலந்து செய்யும் களிம்பு இது. தடவிய இடம் கறுத்துப் பொருக்காகி, சில வாரத்தில் விழுந்துவிடும். "புற்றுச் செல்லை மட்டும் தேடி இழுத்து வெளியே தள்ளுகிறது" என்று விற்கிறார்கள். உண்மை அப்படியல்ல. துத்தநாகக் குளோரைடு தொட்ட திசுவையெல்லாம் அரிக்கும். வேரிலுள்ள சாங்குவினரின் புற்றுச் செல்லைக் கொல்லும் அதே அளவில் நல்ல செல்லையும் கொல்லும். நல்ல தோலில் தடவினாலும் இதே பொருக்கு வரும்.

கேடு அதோடு முடிவதில்லை. மேற்பகுதி எரிந்து, தழும்பு மூடிக்கொள்கிறது. அடியில் எஞ்சிய செல்கள் தழும்புக்குக் கீழே பக்கவாட்டில் படர்கின்றன. பார்ப்பதற்குக் குணமானதுபோல் இருப்பதால் மாதங்கள், வருடங்கள் கடந்துவிடுகின்றன. தழும்புக்கு அடியிலேயே பேசல் செல் கட்டி எஞ்சியிருந்ததும், மெலனோமா உள்ளுறுப்புகளுக்குப் பரவியதும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. இதைப் பயன்படுத்தக் கூடாது என்று எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

இதற்கு ஆதரவாக ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்வார்கள். 1930களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபிரடெரிக் மோஸ் இதே வேரும் துத்தநாகக் குளோரைடும் சேர்ந்த பசையைப் பயன்படுத்தினார் என்பது உண்மைதான். அவர் அதைப் பயன்படுத்தியது திசுவை இருந்த இடத்திலேயே பதப்படுத்துவதற்கு. பிறகு அந்த அடுக்கை வெட்டி, அதன் விளிம்பு முழுவதையும் நுண்ணோக்கியில் பார்த்து, செல் எஞ்சிய இடத்தில் மட்டும் அடுத்த அடுக்கை எடுத்தார். குணமாக்கியது விளிம்பைப் பார்த்த அந்த நுண்ணோக்கி. இன்றைய மோஸ் அறுவையில் பசை இல்லை, நுண்ணோக்கி இருக்கிறது; முதல்முறை வரும் பேசல் செல் கட்டிகளில் ஐந்தாண்டுக் குணம் 99 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது.

ஒரு செய்தியைப் படிக்கும்போது

ஆய்வு எதில் நடந்தது என்று முதலில் பாருங்கள். ஏ375 என்றால் கண்ணாடித் தட்டில் வளரும் மனித மெலனோமா செல், ஏ431 என்றால் ஸ்குவாமஸ் செல் வகை, பி16 என்றால் எலியின் மெலனோமா. இந்த மூன்றில் எது வந்தாலும் நோயாளியிடம் சோதித்ததாகப் பொருள் இல்லை. அடுத்து செறிவு. 10 மைக்ரோமோலாருக்கு மேல் போனால்தான் வேலை செய்கிறது என்றால் உடலில் அந்த அளவை எட்டுவது பெரும்பாலும் நடக்காது. நல்ல தோல் செல்களிலும் அதே அளவைச் சோதித்தார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது வெறும் நச்சாகவும் இருக்கலாம். மனிதச் சோதனை என்றால் குணமானதை எப்படி உறுதிசெய்தார்கள்? கண்ணால் பார்த்தா, திசுவை வெட்டிப் பார்த்தா? எத்தனை மாதம் தொடர்ந்தார்கள்? இன்ஜெனால் தந்த பாடம் மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது.

சந்தேகமான புள்ளி இருந்தால்

எதையும் தடவாதீர்கள். அளவுகோலை அருகில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். இரு பாதியும் ஒத்துப்போகாத மச்சம், கிழிந்ததுபோன்ற ஓரம், பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், வாரங்களில் மாறும் தோற்றம் ஆகியவை மெலனோமாவின் குறிகள். நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத, தொட்டால் இரத்தம் கசியும் புண்ணும் காட்டப்பட வேண்டியதே. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருவதால் அங்கேயும் பாருங்கள். நகத்தில் நீளவாக்கில் புதிதாக வந்து அகலமாகும் கரும்பட்டையை அடிபட்ட கறை என்று விட்டுவிட வேண்டாம்.

ஏற்கெனவே ஏதாவது மூலிகையைத் தடவியிருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். எது, எத்தனை நாள், கடைசியாக எப்போது என்று சொல்லுங்கள். அரிக்கும் பொருள் மேலடுக்கை அழித்திருந்தால் மெலனோமாவின் கனத்தை நுண்ணோக்கியில் சரியாக அளக்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள கட்டிக்குச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டியதற்கு இரண்டு சென்டிமீட்டர் என்று வெட்டும் எல்லையைத் தீர்மானிப்பது அந்தக் கனம்தான். நிணநீர்க் கணுவைச் சோதிக்கலாமா என்பதும் அதைப் பொறுத்தே முடிவாகும்.

சிகிச்சை தொடங்கிவிட்டவர்கள் மாத்திரை வடிவிலான மூலிகைகளில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புனித ஜான் செடி, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் சிப்3ஏ4 நொதியை முடுக்கிவிடும்; வெமுராஃபெனிப், டப்ராஃபெனிப் போன்ற மெலனோமா மாத்திரைகள் வேலை செய்யும் முன்பே உடலிலிருந்து வெளியேறக்கூடும். குர்குமின் மாத்திரைகளில் உட்கிரகிப்புக்காகச் சேர்க்கும் பைப்பரின், கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் குறைத்து, வேறு மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். இத்தகைய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்த பதிவுகளும் உண்டு. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற, உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகளும் கல்லீரல் அழற்சியை உண்டாக்கக்கூடியவை. இரண்டையும் சேர்த்து எடுப்பவருக்கு இரத்தத்தில் கல்லீரல் நொதி அளவு ஏறினால் எது காரணம் என்று பிரித்தறிய முடியாமல், உயிர்காக்கும் மருந்தையே நிறுத்திவைக்க நேரிடும். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே மாத்திரைப் புட்டிகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போய் மருத்துவர் முன் வையுங்கள்.